பின்பக்கத்தை இறுக்கினால் முன்பக்கம் திரும்புவது ஏன்?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கிடக்கும் நகரத்தை விட்டுக் கிளம்பும் கார், முப்பது கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. நான்கு பேரை ஏற்றிக்கொண்ட சிறிய காரை இந்தப் பாதையில் சற்றே விரட்டி ஓட்டியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வளைவின் நடுவில் ஸ்டியரிங்கைத் திருப்பியது போதாமல் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும். முன் டயர்கள் கிறீச்சிடும். இடப்பக்க வளைவாக இருந்தால், வண்டி தான் போக வேண்டிய தடத்தை விட்டு எதிரே இறங்கி வரும் பேருந்தின் பக்கமாக ஓரடி நகரும். மலைக்கு அன்றாடம் ஏறி இறங்கும் வாடகைக் கார்களின் முன் டயர்களைக் குனிந்து பார்த்தால் இதற்கான சாட்சியம் அதிலேயே இருக்கும்: நடுப்பகுதியில் பள்ளம் நன்றாக மிஞ்சியிருக்கும்போதே வெளிப்புறத் தோள் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும்.

திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் முன்சக்கரங்கள் வெளியே வழுக்கிச் செல்லும் இந்தக் குணத்துக்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். பின்சக்கரங்கள் முதலில் வழுக்கி, வண்டியின் வால் வெளியே வீசப்படுவது ஓவர்ஸ்டியர். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்திலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்ற பிரிட்டிஷ் பொறியாளர் மாரிஸ் ஓலி 1930களில், சக்கரங்களை வண்டியின் உடலோடு இணைத்துத் தாங்கும் சஸ்பென்ஷனை ஒரு முறையான ஆய்வுத் துறையாக வளர்த்தெடுத்தபோது வேரூன்றிய சொற்கள் இவை. இன்று நம் சாலைகளில் ஓடும் முன்சக்கர இழுவைச் சிறிய கார்கள் ஏறக்குறைய எல்லாமே அண்டர்ஸ்டியர் பக்கம் சாய்த்தே வடிவமைக்கப்படுகின்றன. இதில் கவனக்குறைவு எதுவும் இல்லை. முன்பக்கம் வழுக்கும்போது பயந்துபோன ஓட்டுநர் செய்யக்கூடிய முதல் காரியம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான். அப்படி எடுத்ததும் வண்டி தானாகவே தடத்துக்குத் திரும்புகிறது. வால் வீசினால் அதே செயல் நிலைமையை மோசமாக்கும். ஆகவே சந்தைக்கு வரும் ஒவ்வொரு குடும்பக் காரும் கொஞ்சம் மந்தமான முன்பக்கத்தோடு வருவது தயாரிப்பாளர்கள் தெரிந்தே செய்த தேர்வு.

இந்த மந்தத்தைப் பற்றிச் சேலத்தில் எந்த வொர்க்‌ஷாப்பில் சொன்னாலும் கிடைக்கும் மருந்து அநேகமாக ஒன்றுதான். என் பழைய காரைப் பார்த்த மெக்கானிக்கும் அதையே சொன்னார்: "பின்னாடி ரப்பர் போட்டு இறுக்கிட்டா வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிச்சுக்குங்க சார்." அவர் சொன்ன பரிகாரத்தில் உண்மை இருக்கிறது. அவர் சொன்ன காரணம்தான் தலைகீழ்.

அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது என்று யூகிப்பது கடினமில்லை. சேலமும் சங்ககிரியும் நாமக்கல்லும் லாரியைக் கொண்டு வாழும் ஊர்கள். இங்கே தொழில் கற்றவர்களின் கைக்கு முதலில் பழகியது கமான் பட்டை, அதாவது லாரியின் பாரத்தை அச்சின் மேல் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு. கூடுதல் பாரம் ஏற்ற வேண்டுமானால் பின் அச்சில் இன்னொரு பட்டையைச் சேர்ப்பார்கள்; அப்போது வண்டி தாழாது, ஆடாது, சுமந்துகொண்டு நிற்கும். எனவே "இறுக்குவது" என்றால் "பலப்படுத்துவது" என்ற பொருள் இங்குள்ள தொழில் மொழியில் ஊறிப்போயிருக்கிறது. பாரம் தூக்கும் விஷயத்தில் அது சரி. வளைவில் திரும்பும் விஷயத்தில், சிறிய காரின் பின்பக்கத்தை இறுக்குவது அந்தப் பின்பக்கத்தின் பிடிப்பைக் கூட்டுவதில்லை; குறைக்கிறது. பின்பக்கம் இழக்கும் பிடிப்பின் பலன் முன்பக்கத்துக்குப் போய்ச் சேருவதால்தான் வண்டி நன்றாகத் திரும்புவதாக நமக்குத் தோன்றுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், எவ்வளவு இறுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தானாக விளங்கும்.

கணக்குக்காக ஓட்டுநரோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். முன்சக்கர இழுவை வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் எடையில் சுமார் 62 சதவீதம் முன் அச்சின் மேல் விழும். அதாவது முன் டயர் ஒவ்வொன்றின் மீதும் 279 கிலோ, பின் டயர் ஒவ்வொன்றின் மீதும் 171 கிலோ. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1.45 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால், பக்கவாட்டில் தள்ளும் விசை வண்டியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. இருபத்தெட்டு என்பது கேட்பதற்கு ஆமை வேகம். ஆனால் பின் இருக்கையில் இருக்கும் பாட்டி கைப்பிடியைத் தேடும் வேகம் அதுதான்.

இந்தத் தள்ளலால் உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. மேலே சொன்ன அளவுகளில் அது சுமார் 125 கிலோ. இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வண்டி சாய்வதால்தான் எடை மாறுகிறது, ஆகவே சாய்வைக் குறைத்தால் எடை மாறுவதும் குறையும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. எடை, மையத்தின் உயரம், சக்கர அகலம், தள்ளும் விசை ஆகிய நான்கும்தான் அந்த 125 கிலோவைத் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங் மெத்தென்று இருந்தாலும் கல்லாக இருந்தாலும் மொத்தத் தொகை ஏறக்குறைய மாறாது. ஸ்பிரிங்குகளும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியும் தீர்மானிப்பது, அந்த 125 கிலோவில் முன் அச்சு எவ்வளவு சுமக்க வேண்டும், பின் அச்சு எவ்வளவு சுமக்க வேண்டும் என்ற பங்கீட்டை மட்டுமே.

இரண்டு பேர் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி திருப்பத்தில் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். பீரோ ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கிறது. முன்னால் பிடித்திருப்பவர் கையைத் தளர விட்டு, பின்னால் இருப்பவர் விறைப்பாகப் பிடித்தால், சாயும் பாரத்தில் பெரும்பகுதி பின்னவரின் மணிக்கட்டில் இறங்கும். முன்னவருக்கு இலகுவாக இருக்கும். கார் உடல் என்ற ஒரே துண்டை முன் அச்சும் பின் அச்சும் இப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எந்த அச்சு சாய்வை அதிகம் எதிர்க்கிறதோ, அதுவே எடை மாற்றத்தில் பெரிய பங்கைச் சுமக்கிறது.

சுமந்தால் என்ன நட்டம் என்ற கேள்விக்கு விடை டயரில் இருக்கிறது. டயரின் மேல் பாரம் கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே உயரும். அதனால் ஓர் அச்சின் இரண்டு டயர்களும் சமமாகப் பாரம் சுமக்கும்போது கிடைக்கும் மொத்தப் பிடிப்பு, ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் சுமக்கும்போது கிடைக்காது. வெளிப்புற டயர் கூடுதலாகப் பெறுவதைவிட உட்புற டயர் இழப்பது அதிகம். இந்த இழப்பு, மாறும் எடையின் ஏறத்தாழ இருபடியாக வளர்கிறது என்பதுதான் இதில் முக்கியம்: ஓர் அச்சில் மாறும் எடை இரட்டித்தால் அந்த அச்சின் பிடிப்பு இழப்பு நான்கு மடங்காகும்.

நம் காரில் முன் அச்சு 75 கிலோவையும் பின் அச்சு 50 கிலோவையும் மாற்றிக்கொண்டிருந்ததாக வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை இறுக்கியதால் பங்கீடு முறையே 55, 70 என்று ஆனதாகக் கொள்வோம். முன்பு முன் டயர்களில் வெளிப்புறம் 354, உட்புறம் 204 கிலோ. இப்போது வெளிப்புறம் 334, உட்புறம் 224. பின்னால் 221, 121 என்று இருந்தது 241, 101 என்று மாறுகிறது. முன்பக்கம் சமநிலையை நெருங்கியிருக்கிறது, பின்பக்கம் அதிலிருந்து விலகியிருக்கிறது. பிடிப்புக் கணக்கில் இதனால் முன்னுக்குக் கிடைப்பது சில கிலோ மட்டுமே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "பந்தயக் கார் போல ஆகிவிடும்" என்று சொல்லி விற்கப்படும் பொருள்களில் பந்தயக் காருக்குரியது விலை மட்டும்தான். ஆனால் முன்னுக்குக் கிடைத்த சில கிலோவும் பின்னால் போன சில கிலோவும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால், ஓட்டுபவருக்கு இரண்டின் கூட்டுத்தொகையே வித்தியாசமாகத் தெரிகிறது.

இதைவிடப் பெரிய ஆதாயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, டயர் நிமிர்ந்து நிற்பது. சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருக்கும், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த மக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், உடல் சாயும்போது வெளிப்புறச் சக்கரமும் கூடவே வெளிப்பக்கமாகச் சாய்ந்து, டயர் தன் தோளின் மேல் நிற்கத் தொடங்கும். வாடகைக் கார்களில் நாம் பார்த்த தேய்மானம் இதனால் வருவது. பின்பக்கம் விறைத்தால் உடலின் மொத்தச் சாய்வு குறைகிறது, அதனால் முன்பக்கத்தைத் தொடாமலேயே முன் டயர் கொஞ்சம் நிமிர்கிறது. இரண்டாவது, ஏற்றத்தில் இழுவை. எஞ்சினின் விசையை இரண்டு முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலால், எந்தச் சக்கரத்தில் பாரம் குறைவோ அந்தச் சக்கரம் தாங்கும் அளவுக்கு மேல் இரண்டு சக்கரங்களுக்குமே விசையை அனுப்ப முடியாது. இடப்பக்கமாக மேலே திரும்பும் கொண்டை ஊசியில் சாலையின் உட்புற விளிம்பே மிகச் செங்குத்தான இடம்; இடப்பக்கம் ஓட்டும் நாம் அந்த விளிம்பை ஒட்டித்தான் ஏற வேண்டும். இரண்டாவது கியரில் ஏறும்போது உட்புற முன்சக்கரம் சர்ரென்று சுழன்று ரப்பர் வாசனை எழுவது அங்கேதான். அந்தச் சக்கரத்தின் பாரம் 204 கிலோவிலிருந்து 224 ஆவது பத்து சதவீத உயர்வு. கிடைக்கும் இழுவையும் ஏறக்குறைய அதே அளவு உயர்கிறது. என் கணிப்பில், பின்பக்கத்தை இறுக்கியவர்கள் "வண்டி நன்றாக ஏறுகிறது" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த இருபது கிலோவின் வேலை.

இனி, இறுக்கும் வழிகள். நம் ஊரில் மிகப் பரவலானது காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் அல்லது பாலியூரித்தேன் வளையத்தைச் செருகுவது. ஐந்து பேர் ஏறினால் வேகத்தடையில் அடிபடும் கார்களுக்காக விற்கப்படும் பொருள் இது. வளைவுக்காக யாரும் இதை வடிவமைக்கவில்லை. காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆறு சுற்றுகளில் ஒன்று முழுதாக முடங்கினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். ரப்பர் ஓரளவு அமுங்கும் என்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு. மிச்சமுள்ள சுற்றுகள் கூடுதலாக முறுக்கப்படுகின்றன என்பதும், இறுகப் பிடித்திருக்கும் ரப்பருக்கு அடியில் மண்ணும் ஈரமும் தங்கிப் பெயின்ட்டைத் தின்று துரு ஏற்றும் என்பதும் செருகும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஸ்பிரிங்கையே மாற்றுவது இதைவிடச் சுத்தமான வழி. கம்பியின் தடிமன் இதில் நான்காம் அடுக்காக வேலை செய்யும்: 11 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 12 மில்லிமீட்டர் கம்பியில் அதே அளவு ஸ்பிரிங் செய்தால் விறைப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் உயர்ந்துவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். "கொஞ்சம் தடிமனானது போடுங்கள்" என்று கேட்பவர்கள் எவ்வளவு கேட்கிறோம் என்று அறியாமல் கேட்கிறார்கள்.

ஆனால் ஸ்பிரிங்கை இறுக்குவதில் ஒரு வீண்செலவு இருக்கிறது. நமக்கு வேண்டியது வளைவில் சாய்வை எதிர்ப்பது மட்டும். ஸ்பிரிங்கோ வளைவிலும் விறைக்கும், நேர்ச்சாலையின் வேகத்தடையிலும் விறைக்கும். முழுப் பாரத்துக்கு ஏற்றபடி இறுக்கிய பின் ஸ்பிரிங், ஓட்டுநர் மட்டும் தனியாகப் போகும்போது கட்டை வண்டியாகிவிடும். வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் பின்சக்கரம் குதித்து, குதிக்கும் அந்த நொடியில் பிடிப்பே இல்லாமல் போகும். ஸ்டெபிலைசர் பாரின் அருமை இங்கேதான். அது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது சும்மா இருக்கும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் மட்டுமே முறுகி எதிர்க்கும். இதிலும் தடிமனுக்கு நான்காம் அடுக்குதான்: 18 மில்லிமீட்டர் கம்பியை 20 ஆக்கினால் விறைப்பு ஒன்றரை மடங்கு.

நம் சிறிய கார்களில் பின்னால் தனியாக ஸ்டெபிலைசர் பார் இருப்பது அரிது. காரணம், பின் அச்சே ஓரளவு அந்த வேலையைச் செய்கிறது. 1974இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரால் பரவலான டார்ஷன் பீம் அமைப்புதான் ஸ்விஃப்ட், ஐ10, போலோ, ஃபிகோ போன்ற நமக்குப் பழகிய கார்களின் பின்பக்கத்திலும் இருக்கிறது. காரை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். இரண்டு பக்கமும் உடலோடு ரப்பர் புஷ் வழியாகப் பிணைந்த இரண்டு கைகள். அவற்றின் நடுவே குறுக்காக ஒரு தகட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைக் கையால் தடவிப் பார்த்தால் குழாய் போல மூடியிருக்காது. ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் போல இருக்கும். திறந்திருப்பது சிக்கனத்துக்காக என்று நினைத்துவிடக் கூடாது. வளைவதை நன்றாக எதிர்க்க வேண்டும், ஆனால் முறுகுவதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அது திறந்திருக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மற்றொன்று அதோடு இழுபடாமல் இருப்பது இந்த முறுக்கத்தால்தான்.

இதைப் பார்த்ததும் கைதேர்ந்த வெல்டர் ஒருவருக்குத் தோன்றும் முதல் யோசனை, திறந்த வாயில் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்து மூடிவிடலாம் என்பது. செலவு சில நூறு ரூபாய்; கேட்கவும் நியாயமாகத் தோன்றும். இதைச் செய்யக் கூடாது என்று சொல்வதைவிட, எண்ணைக் காட்டிவிடுவது நல்லது. மூன்று பக்கமும் 60 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு திறந்த சட்டத்தை எடுத்துக்கொண்டால், முறுக்கத்தை எதிர்க்கும் அதன் அளவெண் சுமார் 3,840. நான்காவது பக்கத்தையும் அதே தகட்டால் மூடினால் அது 8,64,000க்கு உயரும். இருநூறு மடங்குக்கும் மேல். இதைக் "கொஞ்சம் இறுக்கியது" என்று சொல்ல வழியில்லை. முறுகும் அச்சு முறுகாத இரும்புத் தூணாக மாறிவிட்டது. அதன் பிறகு முறுக வேண்டிய வேலை முழுவதும் புஷ்களிலும் கைகளின் இணைப்புகளிலும் விழும். அதோடு, வெல்டிங் சூட்டில் இயல்பு மாறிய உலோகத்தின் ஓரத்தில்தான் லட்சக்கணக்கான சிறு முறுக்கங்களுக்குப் பின் விரிசல் தொடங்கும். மலையிறக்கத்தில் ஒரு பின் அச்சு விண்டுபோவதைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை. பீமைத் தொடாமல், இரண்டு கைகளுக்கும் இடையே போல்ட்டால் பொருத்தும் கூடுதல் பார்தான் சரியான வழி. வேண்டாம் என்று தோன்றினால் கழற்றிவிடவும் முடியும். பழைய ஆல்ட்டோ போல முழு அச்சு கொண்ட கார்களில் பொருத்தும் முறை வேறு, கணக்கு ஒன்றே.

ஷாக் அப்சார்பரை இறுக்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது அசைவின் வேகத்தை எதிர்க்கும் கருவி; சாய்வின் அளவைத் தீர்மானிப்பதில்லை. வளைவுக்குள் நுழையும் நொடியிலும் வெளியேறும் நொடியிலும் அதன் வேலை தெரியும், நடுவில் நிலையாகத் திரும்பும்போது தெரியாது. ஆனால் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டுத் தேய்ந்த ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டால், விறைத்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க ஆளில்லாமல் போகும்.

அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ரப்பர் வளையங்கள் போட்டுக்கொண்டு வந்த முதல் வாரத்தில் ஏற்காடு ஏறியபோது வண்டி என்னை ஏமாற்றவில்லை; முன்பக்கம் சொன்னபடி கேட்டது, அண்ணா பூங்காவுக்குப் போய்ச் சேரும்வரை அந்த மெக்கானிக்கை மனத்துக்குள் பாராட்டிக்கொண்டே போனேன். திரும்பும்போது மாலைத் தூறல். மேலிருந்து இறங்கி ஒரு வலப்பக்கக் கொண்டை ஊசியில் நுழைந்த பிறகுதான் கீழிருந்து ஏறும் பேருந்தின் முகப்பு விளக்கு தெரிந்தது. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. இறங்குபவர்தான் நிற்க வேண்டும். வளைவின் நடுவிலேயே பிரேக்கை மிதித்தேன். பின்பக்கம் ஒரு முழம் இடப்புறமாக, ஓரத்தில் இருந்த கைப்பிடிச் சுவரை நோக்கி, சத்தமே இல்லாமல் நகர்ந்து நின்றது. பின் இருக்கையில் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

நடந்தது என்ன என்பது அதே கணக்கில் இருக்கிறது. 15க்கு 1 என்ற இறக்கத்தில் நிற்பதாலேயே நம் காரின் பின் அச்சிலிருந்து சுமார் 12 கிலோ முன்னால் போய்விடும். ஓரளவு அழுத்தமான பிரேக்கில் இன்னும் 55 கிலோவுக்கு மேல் போகும். நின்ற நிலையில் 342 கிலோ சுமந்த பின் அச்சு இப்போது சுமப்பது சுமார் 270. டயர் ஒன்றுக்கு 135. இதிலிருந்து வளைவுக்காக 50 கிலோ மாறினால் உட்புறப் பின் டயரில் 85 மிஞ்சும். இறுக்கியதால் 70 மாறினால் 65தான் மிஞ்சும். ஏறும்போது பின்பக்கம் கடன் கொடுக்க வசதியாக இருந்தது, ஏனெனில் ஏற்றமே எடையைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. இறங்கும்போது அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. ஒரே சாலை, ஒரே கார், ஒரே ரப்பர் வளையம்; போகும் திசை மட்டும் வேறு. சமதளத்துப் பாதையில் வட்டமடித்து எழுதப்பட்ட பரிந்துரைகளை மலைச்சாலைக்கு அப்படியே எடுத்துவரக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். தூறலும் தன் பங்கைச் செய்தது. ஈரச்சாலையில் பிடிப்பின் மொத்தக் கையிருப்பே சுருங்கிவிடுவதால், பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப் போதவில்லை. வழுக்கலைத் தானாக உணர்ந்து தனிச்சக்கரத்தில் பிரேக் போடும் மின்னணு வசதி உள்ள புதிய கார்கள் இந்த இடத்தில் ஓட்டுநரைக் காப்பாற்றக்கூடும். என் காரில் அது இல்லை.

மறுநாள் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பின் ஷாக் அப்சார்பர் ஒன்றின் உடல் முழுதும் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தது. பீமின் இடப்பக்கப் புஷ்ஷில் ரப்பர் வெடித்து, கடப்பாரையை வைத்து நெம்பினால் அச்சு விரலளவு நகர்ந்தது. டார்ஷன் பீமில் புஷ் தளர்ந்தால், பக்கவாட்டு விசையில் அச்சு முழுவதும் சற்றே திரும்பிக்கொண்டு பின்சக்கரங்களே ஸ்டியரிங் பிடிக்கத் தொடங்கும். அதாவது நான் மந்தம் என்று நினைத்து மருந்து தேடிய வண்டிக்கு உண்மையில் இருந்தது வயது. இப்படி இருந்ததன் மேல் இறுக்கியது, பல் வலிக்கு மேல் முறுக்கு தின்றது போல ஆயிற்று.

ஆகவே வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். முதலில் புஷ், ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட். அதன் பின் நல்ல முன் டயர். பிடிப்பைப் பங்குபோடுவதைவிடப் பிடிப்பையே வாங்கிவருவது எப்போதும் மேல். அதற்கும் பின் காற்றழுத்தம், ஏனென்றால் டயரைப் பொறுத்து, பின்பக்கத்தை இறுக்குவதன் சுவையை ஓரளவு ஒரு பைசா செலவில்லாமல் காட்டக்கூடியது அதுதான். தயாரிப்பாளர் சொன்ன அளவிலிருந்து பின் டயர்களில் மட்டும் இரண்டு பி.எஸ்.ஐ கூட்டி ஓட்டிப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதவரை பாதகமில்லை, பிடிக்கவில்லை என்றால் கோரிமேட்டுப் பெட்ரோல் பங்க்கில் இறக்கிவிடலாம். இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் போல்ட்டில் பொருத்தும் மெல்லிய பார், அதுவும் இறக்கத்தில், ஈரத்தில், முழுப் பாரத்தோடும் தனியாகவும் மெதுவாகச் சோதித்த பிறகு. வாரண்டி மிச்சமுள்ள காராக இருந்தால் விற்பனையாளரிடமும், எந்தக் காராக இருந்தாலும் காப்பீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

டயர் எவ்வளவு தோளின் மேல் சாய்கிறது என்று அறியப் பழைய ஓட்டுநர்கள் கையாளும் ஒரு வழியை நானும் செய்து பார்த்தேன். அடிவாரத்தில் நான்கு டயர்களின் வெளித்தோளிலும், தரையில் படும் பகுதியிலிருந்து பக்கச்சுவருக்கு இறங்கும்படி, சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு ஏறினேன். ரப்பர் வளையங்களைக் கழற்றி, புது புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும் போட்டு, பின்னால் இரண்டு பி.எஸ்.ஐ கூட்டியிருந்த நாள் அது. ஏரிக்கரையில் நிறுத்திப் பார்த்தபோது முன் டயர்களில் கோடு பக்கச்சுவரின் விளிம்புவரை அழிந்து, அதற்குக் கீழே வெள்ளையாக மிஞ்சியிருந்தது. பின் டயர்களில் அதைவிட அரை விரற்கடை மேலேயே அழிவு நின்றிருந்தது. இறங்கி வந்து அடிவாரத்துத் தேநீர்க் கடை வாசலில் மறுபடி பார்த்தேன். முன்கோடுகள் இன்னும் கொஞ்சம் அழிந்திருந்தன, பின்கோடுகள் ஏரிக்கரையில் இருந்தபடியே இருந்தன.